தக் கொள்ளையர்கள்: எல்லை தாண்டிய கொலைகளை நீதிமன்றத்துக்கு இழுத்து வந்த ஸ்லீமன்... யார் இவர்?

கருப்புக் கண்ணாடி, வாயில் சுருட்டு, பின்னணியில் ஒரு மியூசிக். 'தக் லைஃப்' மீம்ஸ் பார்க்காதவங்க இன்னைக்கு யாரும் இருக்க மாட்டாங்க. இந்த 'தக்' என்ற சொல் அமெரிக்காவில் இருந்து வந்தது என்றுதான் பலரும் நினைக்கிறோம். உண்மையில் அது இந்தியாவிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொல். இந்தியில் ஏமாற்றுக்காரனைக் குறிக்கும் வார்த்தை அது.

அந்தச் சொல்லை உலகம் முழுக்கக் கொண்டுபோனதில் ஓர் ஆங்கிலேய அதிகாரிக்குப் பெரிய பங்கு உண்டு. அவர் பெயர் வில்லியம் ஹென்றி ஸ்லீமன்.

'தீரன் அதிகாரம் ஒன்று' படத்தில் ஒரு கொள்ளைக் கும்பலைத் தேடி நம்ம ஊர் போலீஸ் மாநிலம் விட்டு மாநிலம் அலைவதைப் பார்த்திருப்போம். கிட்டத்தட்ட 200 ஆண்டுகளுக்கு முன்பு ஸ்லீமன் முன்னால் இருந்த சிக்கல் இதைவிடப் பெரியது. அன்று அவை மாநிலங்கள் அல்ல. தனித்தனி அரசுகள். ஒரு அரசில் வசிக்கும் ஆட்கள், இன்னொரு அரசின் சாலையில், மூன்றாவது அரசைச் சேர்ந்த பயணியைக் கொன்று கொள்ளையடித்தால் வழக்கை எங்கே நடத்துவது? சாட்சி யார்? புகார் கொடுப்பது யார்?

இந்தக் கேள்விகளுக்கு ஸ்லீமனும் அவருடைய அரசும் கண்டுபிடித்த பதில் பயணிகளைக் காப்பாற்றியது. அதே பதில், பின்னாளில் குற்றமே செய்யாதவர்களையும் வாட்டியது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் இந்த மனிதரின் கதை முழுமையாகும்.

யார் இந்த ஸ்லீமன்?

1788 ஆகஸ்ட் 8-ம் தேதி இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் உள்ள ஸ்ட்ராட்டன் என்ற ஊரில் பிறந்தவர் ஸ்லீமன். 1809-ல், 21 வயதில், கிழக்கிந்தியக் கம்பெனியின் வங்காளப் படையில் சேர்ந்து இந்தியா வந்தார். 1814 முதல் 1816 வரை நடந்த நேபாளப் போரில் பங்கேற்றார்.

மற்ற ராணுவ அதிகாரிகள் வேட்டை, விருந்து என்று பொழுதைக் கழித்தபோது இவர் மொழிகளைப் படித்தார். இந்துஸ்தானி, பாரசீகம், அரபி மூன்றும் கற்றுக்கொண்டார். இந்த மொழியறிவுதான் பின்னாளில் அவருடைய பெரிய ஆயுதமானது.

1820-ல் ராணுவத்தில் இருந்து சிவில் நிர்வாகத்துக்கு மாறினார். இன்றைய மத்தியப் பிரதேசத்தில் உள்ள சாகர்-நர்மதா பகுதியில் வேலை. 1822-ல் நர்சிங்பூர் மாவட்டத்தின் பொறுப்பு கிடைத்தது. 1828-ல் ஜபல்பூருக்கு வந்தார்.

ஸ்லீமன் எல்லாவற்றையும் தோண்டிப் பார்க்கும் ஆள். 1828-ல் ஜபல்பூர் பகுதியில் அவர் கண்டெடுத்த எலும்புகள்தான் இந்தியாவில் கிடைத்த முதல் டைனோசர் படிமங்கள். அதே ஆர்வத்தோடு அவர் தோண்டிய இன்னொரு விஷயம், சாலையோரப் புதைகுழிகள்.

சாலையில் கூட வரும் நண்பன்தான் கொலையாளி

ரயில் இல்லாத காலம் அது. நூற்றுக்கணக்கான மைல்களை நடந்தோ, மாட்டு வண்டியிலோ, குதிரையிலோதான் கடக்க வேண்டும். வழியில் திருடர் பயம். அதனால் முன்பின் தெரியாதவர்களும் ஒன்று சேர்ந்து கூட்டமாகப் போவார்கள். கூட்டமாகப் போனால் பாதுகாப்பு என்று நம்பினார்கள்.

அந்த நம்பிக்கையைத்தான் தக் கும்பல்கள் பயன்படுத்தின.

யாத்ரீகர், வியாபாரி, லீவில் ஊருக்குப் போகும் சிப்பாய் என்று பல வேஷங்களில் வருவார்கள். நாள்கணக்கில் பயணிகளோடு கூடவே நடப்பார்கள். சேர்ந்து சமைப்பார்கள், சாப்பிடுவார்கள், கதை பேசுவார்கள். ஆள் அரவம் இல்லாத ஓர் இடம் வந்ததும் தலைவன் ஒரு சாதாரண வார்த்தையைச் சொல்வான். புகையிலை கேட்பது போல இருக்கும். அதுதான் சிக்னல். அடுத்த சில நொடிகளில் பயணிகளின் கழுத்தில் துணி இறுகியிருக்கும்.

அந்தத் துணிக்கு 'ருமால்' என்று பெயர். நம்ம கிராமங்களில் பெரியவங்க தலையில் கட்டுகிற உருமால் இருக்கே, கிட்டத்தட்ட அதே சொல்தான்.

கும்பலுக்குள் வேலைப் பிரிவினையும் இருந்தது.

- இனிக்க இனிக்கப் பேசி பயணிகளைச் சேர்த்துக்கொள்பவர்கள் ஒரு பிரிவு.
- கழுத்தை நெரிப்பவர்கள் ஒரு பிரிவு.
- முன்கூட்டியே போய்க் குழி தோண்டி, உடல்களைப் புதைத்து, மேலே தடம் தெரியாமல் சமப்படுத்துபவர்கள் இன்னொரு பிரிவு.

கும்பலில் இந்துக்களும் இருந்தார்கள், முஸ்லிம்களும் இருந்தார்கள். தங்களுக்குள் பேச ரகசியச் சொற்களை வைத்திருந்தார்கள். ராமாசி என்று அதற்குப் பெயர். பலர் பவானி அம்மனை வணங்கினார்கள், சகுனம் பார்த்தே கிளம்பினார்கள். மழைக்காலத்தில் ஊரில் சாதாரண விவசாயியாக இருப்பார்கள். மழை முடிந்ததும் புறப்பட்டுவிடுவார்கள்.

ஏன் யாராலும் பிடிக்க முடியவில்லை?

மூன்று காரணங்கள்.

முதல் காரணம், புகாரே வராது. கொல்லப்பட்டவர் ஊர் ஒரு மூலையில் இருக்கும், கொலை நடந்த இடம் நூற்றுக்கணக்கான மைல் தள்ளி இருக்கும். சம்பளப் பணத்தோடு ஊருக்குக் கிளம்பிய சிப்பாய் வரவில்லை என்றால், வீட்டில் அவர் இன்னும் வேலையில் இருப்பதாக நினைப்பார்கள். படையிலோ அவர் வீட்டில் இருப்பதாக நினைப்பார்கள். மாதங்கள் கழித்துத்தான் ஆள் காணாமல் போனதே தெரியும். எந்தச் சாலையில், எந்த நாளில் என்று யாருக்கும் தெரியாது. குடும்பங்கள் வருஷக்கணக்கில் வாசலைப் பார்த்தே காத்திருக்கும். 1810-லேயே ஒரு கம்பெனி ராணுவத் தளபதி, ஊருக்குப் போகும் சிப்பாய்கள் வழியில் அறிமுகமாகிறவர்களை நம்பக்கூடாது என்று எச்சரிக்கை உத்தரவு போட வேண்டியிருந்தது.

இரண்டாவது, சாட்சி இருக்காது. கூட்டத்தில் ஒருவரைக் கூட உயிரோடு விடக்கூடாது என்பதுதான் தக்களின் கணக்கு. சின்னக் குழந்தைகள் மட்டும் சில நேரம் தப்பும். அவர்களைக் கும்பலே தூக்கிப் போய் வளர்க்கும், இல்லையென்றால் விற்றுவிடும். அன்றைய கம்பெனி நீதிமன்றங்களில் கூட்டாளி ஒருவரின் வாக்குமூலத்தை மட்டும் வைத்துத் தண்டிப்பது கடினம். 1810 வாக்கில் எட்டாவா மாவட்டத்தில் கிணறுகளில் உடல்கள் கிடைத்தன. பிடிபட்ட சிலர் ஒப்புக்கொள்ளவும் செய்தார்கள். ஆனாலும் மேல் நீதிமன்றத்தில் வழக்கு நிற்கவில்லை.

மூன்றாவதுதான் முக்கியமானது. எல்லை. கம்பெனியின் ஆட்சி ஒரு பக்கம், குவாலியர், போபால், இந்தூர், அவத், ஹைதராபாத் என்று சமஸ்தானங்கள் இன்னொரு பக்கம். ஒரு எல்லையில் நெருக்கினால் அடுத்த எல்லைக்குள் போய்விடுவார்கள். சில இடங்களில் ஜமீன்தார்களே கொள்ளையில் பங்கு வாங்கிக்கொண்டு அடைக்கலம் கொடுத்தார்கள். 1812-ல் கம்பெனிப் படை ஒரு பகுதியில் புகுந்து தாக்கியபோது கும்பல்கள் அழியவில்லை. சிதறிப் புதிய இடங்களில் வேர்விட்டன.

இது வட இந்தியக் கதை மட்டும் இல்லை. 1807-ல் சித்தூருக்கும் ஆற்காட்டுக்கும் இடையே இதேபோல் கழுத்தை நெரித்துக் கொல்லும் ஒரு கும்பல் பிடிபட்டது. தெற்கே இவர்களை 'பான்சிகர்' என்றார்கள். சுருக்குக் கயிறு போடுபவர் என்று அர்த்தம். 1816-ல் சென்னையில் ஷெர்வுட் என்ற மருத்துவர் இவர்களைப் பற்றி விரிவான கட்டுரையே எழுதினார். வடக்கே கொல்லும் முறையும் தெற்கே கொல்லும் முறையும் ஒன்றுபோலவே இருப்பதைப் பின்னாளில் அதிகாரிகள் கவனித்தார்கள்.

நீதிமன்றத்துக்கு 400 கஜம் தள்ளி

நர்சிங்பூரில் பொறுப்பில் இருந்தபோது ஸ்லீமனுக்கு ஒரு பெருமை இருந்தது. தன் மாவட்டத்தில் நடக்கும் எந்தத் திருட்டும் தனக்குத் தெரியாமல் போகாது என்று நம்பினார்.

பல வருஷம் கழித்து, பிடிபட்ட தக்களின் வாக்குமூலத்தில்தான் உண்மை தெரிந்தது. அவருடைய நீதிமன்றத்தில் இருந்து 400 கஜம்கூடத் தள்ளி இல்லாத கந்தேலி கிராமத்தில் ஒரு தக் கும்பல் குடியிருந்திருக்கிறது. ஒரு நாள் நடை தூரத்தில் இருந்த மண்டேசர் தோப்புகள், அந்தச் சாலையின் மிகப்பெரிய கொலைக்களங்களில் ஒன்றாக இருந்திருக்கின்றன. மாஜிஸ்திரேட்டுக்கு ஒன்றுமே தெரியாது.

இதை அவர் மறைக்கவில்லை. தன் புத்தகத்திலேயே எழுதி வைத்தார். உள்ளூர் போலீஸை மட்டும் வைத்து இந்தக் குற்றத்தைப் பார்க்கவே முடியாது என்பதற்குத் தன்னையே உதாரணமாகக் காட்டினார்.

கடற்கொள்ளையருக்குச் சமம்: 1829-ல் வந்த திருப்பம்

1829-ல் மத்திய இந்தியாவில் போர்த்விக் என்ற அதிகாரியிடம் ஒரு பெரிய கும்பல் சிக்கியது. உடனே பழைய கேள்வி வந்தது. கொலைகள் பல சமஸ்தானங்களில் நடந்திருக்கின்றன. கொலையாளிகளும் பல சமஸ்தானத்துக்காரர்கள். யாரிடம் ஒப்படைப்பது?

கல்கத்தாவில் கவர்னர் ஜெனரல் வில்லியம் பெண்டிங்க் அரசு அந்த அக்டோபரில் ஒரு பதில் அனுப்பியது. அதன் சாரம் இதுதான். புந்தேல்கண்டில் இருந்து குஜராத் வரை இவர்கள் கொலை செய்யாத நாடே இல்லை. அதனால் எந்த ஒரு மன்னரையும் இவர்களுக்கு உரிமையான அரசர் என்று சொல்ல முடியாது. கடற்கொள்ளையர்களை எப்படி எந்த நாடு பிடித்தாலும் தண்டிக்கலாமோ, அதுபோலவே இவர்களையும் நடத்தலாம்.

கடலுக்கு எல்லை இல்லை, அதனால் கடற்கொள்ளையருக்கும் எல்லை இல்லை என்பது பழைய சர்வதேச வழக்கம். அதைத் தரையில் நடக்கும் குற்றத்துக்கும் பொருத்தினார்கள். சட்டத்தின் பார்வையில் இது ஒரு பெரிய தாவல். கூடவே, சமஸ்தானங்களுக்குள் கம்பெனி கை நீட்டுவதற்கு இது வசதியான ஒரு கதவாகவும் அமைந்தது. இதையும் மறக்கக்கூடாது.

ஃபெரிங்கியா வாய் திறந்தான்

அடுத்த பிரச்சனை சாட்சி. வெளியில் சாட்சியே இல்லை என்றால் உள்ளே இருந்துதான் எடுக்க வேண்டும். இன்றைக்கு நாம 'அப்ரூவர்' என்று சொல்கிறோமே, அதுதான் ஸ்லீமனின் வழி. உண்மையைச் சொல்லி, கூட்டாளிகளைக் காட்டிக்கொடுத்தால் தூக்குத் தண்டனை கிடையாது. ஆனால் விடுதலையும் கிடையாது. ஆயுள் முழுக்கக் காவலில்தான்.

இவர்களில் ரொம்பப் பிரபலம் ஃபெரிங்கியா. பிராமணக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு தக் தலைவன். பலமுறை கையில் இருந்து நழுவியவன். ஸ்லீமன் அவனுடைய தாய், மனைவி, குழந்தையைப் பிடித்து வைத்தார். குடும்பத்தை விட்டுத் தூரமாகப் போக மனம் வராமல் பக்கத்திலேயே சுற்றியவன், 1830-ன் கடைசியில் சிக்கினான்.

இன்றைய கண்ணோட்டத்தில், குற்றவாளியைப் பிடிக்கக் குடும்பத்தைப் பிணையாக வைப்பது சட்டவிரோதம். அன்று அது ஒரு நடைமுறை.

ஃபெரிங்கியா சொன்னதை ஸ்லீமன் முதலில் நம்பவில்லை. சலோதா என்ற இடத்தில் ஒரு மாந்தோப்பில் ஸ்லீமன் தன் மனைவி அமெலியோடு கூடாரம் அடித்துத் தங்கியிருந்தார். அந்தத் தோப்பிலேயே மூன்று இடங்களில் உடல்கள் இருக்கின்றன என்று ஃபெரிங்கியா காட்டினான். தரையில் புல் முளைத்திருந்தது. எந்த அடையாளமும் இல்லை.

தோண்டச் சொன்னார் ஸ்லீமன்.

படுக்கும் கூடாரத்தின் கயிறுகள் கட்டியிருந்த இடத்தில், 1818-ல் கொல்லப்பட்ட ஒரு பண்டிதரும் அவருடைய ஆறு ஆட்களும். குதிரைகள் கட்டியிருந்த இடத்துக்குக் கீழே, 1824-ல் கொல்லப்பட்ட ஒரு ஹவில்தாரும் நான்கு சிப்பாய்களும். அவர்கள் படுத்துத் தூங்கிய கூடாரத்துக்கு உள்ளேயே, கங்கை நீர் சுமந்து வந்த நான்கு பிராமணர்களும் ஒரு பெண்ணும்.

மொத்தம் 17 பேர். அவர்களைத் தேடி எந்தப் புகாரும் யார் மேஜைக்கும் வந்ததில்லை.

ஒரே கதையை நான்கு பேர் தனித்தனியாக

காட்டிக்கொடுப்பவனை எப்படி நம்புவது? பழைய பகை இருந்தால் யார் பேரை வேண்டுமானாலும் சொல்லலாமே! ஸ்லீமனுக்கும் இந்தச் சந்தேகம் இருந்தது.

அதனால் அப்ரூவர்களைத் தனித்தனியாக வைத்தார். ஒருவர் சொல்வது இன்னொருவருக்குத் தெரியாது. எந்தச் சாலை, எந்த வருஷம், எத்தனை பேர், கும்பலில் யார் யார், எங்கே புதைத்தார்கள் என்று ஒவ்வொருவரிடமும் கேட்டு எழுதினார். பிறகு ஒப்பிட்டார். அவர்கள் சொன்ன இடத்தில் தோண்டிப் பார்த்தார். பிடிபட்டவர்களை வரிசையில் நிறுத்தி அடையாளம் காட்டச் சொன்னார்.

தக் குடும்பங்களின் வம்சாவளியை வரைந்தார். கொலைக்களங்களைக் குறித்து வரைபடங்கள் தயாரானது. ராமாசி சொற்களைத் தொகுத்து 1836-ல் ஒரு புத்தகமே வெளியிட்டார். இன்றைய போலீஸ் ஒரு கேங்கைப் பிடிக்கச் சுவரில் போட்டோ ஒட்டிக் கோடு இழுக்கிறதே, அந்த வேலையை அவர் காகிதத்திலும் மையிலும் செய்தார்.

1835-ல் தக் ஒழிப்பு நடவடிக்கைகளுக்கான தலைமைக் கண்காணிப்பாளராக ஆனார். 1839-ல் கூட்டுக் கொள்ளைகளை ஒடுக்கும் பொறுப்பும் சேர்ந்தது.

எங்கே நடந்தாலும் இங்கே விசாரிக்கலாம்: 1836 சட்டம்

1836 நவம்பரில் வந்தது 30-வது சட்டம். சின்னச் சட்டம்தான். ஆனால் அதன் வீச்சு பெரிது.

தக் கும்பலில் ஒருவர் சேர்ந்திருந்தார் என்று நிரூபித்தாலே போதும். கடின உழைப்புடன் ஆயுள் சிறை. அந்தச் சேர்க்கை கம்பெனி எல்லைக்கு உள்ளே நடந்ததா, வெளியே நடந்ததா என்பது பிரச்சனை இல்லை. சட்டம் வருவதற்கு முன்பு நடந்திருந்தாலும் சரிதான். குற்றம் எங்கே நடந்திருந்தாலும் கம்பெனியின் எந்த நீதிமன்றமும் விசாரிக்கலாம். 1837-ல் வந்த இன்னொரு சட்டம், ஏற்கெனவே தண்டனை பெற்றவர் சாட்சி சொல்லக்கூடாது என்ற தடையையும் நீக்கியது. அப்ரூவர்களின் வாக்குமூலத்துக்கு இருந்த கடைசி முட்டுக்கட்டையும் விலகியது.

எல்லைதான் கொலையாளிகளின் கவசம். அந்தக் கவசம் ஒரு கையெழுத்தில் உடைந்தது.

குழந்தைகளுக்காகப் பெற்றோரைக் கொன்ற கும்பல்

தக் வழக்குகளைத் துருவியபோது இன்னொரு கொடூரமும் வெளியே வந்தது. டெல்லி, ராஜபுதனா பகுதிகளில் ஒரு கும்பல் பணக்காரப் பயணிகளைத் தேடவே இல்லை. குழந்தைகளோடு போகும் ஏழைக் குடும்பங்களைத்தான் குறி வைத்தது. பெற்றோரைக் கொன்றுவிட்டுக் குழந்தைகளை விற்றது. பெண் குழந்தைகள் பாலியல் தொழில் நடக்கும் இடங்களுக்கும் விற்கப்பட்டார்கள்.

மெக்புன்னா தக்கள் என்று இவர்களைக் குறிப்பிட்டார் ஸ்லீமன். 1826-ல் பரத்பூர் முற்றுகை முடிந்த காலத்தை ஒட்டி இது தொடங்கியதாக விசாரணையில் தெரிந்தது. 1839-ல் தனி அறிக்கையே வெளியிட்டார். ஏழையிடம் திருட ஒன்றும் இல்லை, அதனால் ஆபத்தும் இல்லை என்று நினைத்து நடந்தவர்கள் அவர்கள். கையில் பிடித்து நடந்த குழந்தைதான் கொலைக்குக் காரணமாக இருந்தது.

எத்தனை பேர் தண்டிக்கப்பட்டார்கள்?

1826 முதல் 1840 வரையிலான கணக்கில் 3,600-க்கும் அதிகமானோர் விசாரிக்கப்பட்டார்கள். சுமார் 460 பேர் தூக்கிலிடப்பட்டார்கள். சுமார் 1,500 பேர் நாடு கடத்தப்பட்டார்கள். 900-க்கும் மேற்பட்டோருக்கு ஆயுள் சிறை. விடுதலையானவர்கள் 100 பேர்கூட இல்லை.

கொல்லப்பட்ட பயணிகள் எத்தனை பேர்? இங்கேதான் கவனம் தேவை. ஸ்லீமனின் பேரன் பின்னாளில் எழுதியது, 10 லட்சம். அதற்கு உறுதியான ஆதாரம் கிடையாது. இன்றைய ஆய்வாளர்கள் சொல்லும் எண்ணிக்கை அதைவிட மிகக் குறைவு.

பெஹ்ராம் என்ற ஒரே ஆள் 931 பேரைக் கொன்றான் என்று யூடியூபில் நிறைய வீடியோ பார்த்திருப்பீங்க. அதுவும் முழு உண்மை இல்லை. 931 என்பது, பெஹ்ராம் கூட இருந்தபோது கும்பல் நடத்திய கொலைகளாகச் சொல்லப்பட்டது. தன் கையால் கொன்றது சுமார் 125 பேர் என்பதுதான் அவனுடைய வாக்குமூலக் குறிப்பில் இருப்பது. குறைந்த எண்தான். ஆனாலும் கொடூரம் குறையவில்லை.

மறுபக்கம்: நியாயமான விசாரணையா இது?

விடுதலை விகிதம் இவ்வளவு குறைவாக இருந்தால் கேள்வி வராமல் இருக்குமா?

சாகர்-நர்மதா பகுதியில் வழக்குகளை விசாரித்தவர் நிர்வாகத் தலைவரான ஸ்மித். தண்டனையை உறுதி செய்தது கவர்னர் ஜெனரல். அதாவது, பிடித்தவர்களும் தீர்ப்பளித்தவர்களும் ஒரே நிர்வாகத்தின் ஆட்கள். வழக்கமான மேல் நீதிமன்றம் நடுவில் இல்லை. 1836 சட்டத்தில் 'தக்' என்றால் யார் என்ற விளக்கமே இல்லை. ஒருவர் எந்தக் கொலையைச் செய்தார் என்று நிரூபிக்க வேண்டியதும் இல்லை. அப்ரூவர்கள் கை காட்டினால், அவர் கும்பல் ஆள். தண்டனை பெற்ற பலருக்கு முகத்தில் அழியாத பச்சை குத்தப்பட்டது.

அப்ரூவர்களின் நிலையையும் யோசிக்கணும். அவர்களுடைய உயிரே அடுத்தவரைக் காட்டிக்கொடுப்பதில் தொங்கிக்கொண்டிருந்தது. அந்த நிலையில் இருப்பவர் எவ்வளவு உண்மை பேசுவார்?

ராதிகா சிங்கா, கிம் வாக்னர் போன்ற வரலாற்றாசிரியர்கள் இந்த ஆவணங்களை மறுபடி படித்தார்கள். சாலைக் கொலைகள் உண்மை, புதைகுழிகள் உண்மை. ஆனால் இந்தியா முழுக்கப் பரவிய ஒரே ரகசிய மதக் கூட்டம் என்ற சித்திரத்தை அப்படியே ஏற்க முடியாது என்பது இன்றைய ஆய்வுகளின் போக்கு. வேலை இழந்த படைவீரர்கள், பஞ்சம், ஜமீன்தார்களின் ஆதரவு என்று பல காரணங்கள் பின்னால் இருந்தன.

தக் தொழில் தகப்பனிடம் இருந்து மகனுக்குப் போகிறது என்பது ஸ்லீமன் திரும்பத் திரும்பச் சொன்ன விஷயம். ஜபல்பூரில் அப்ரூவர்களுக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் கம்பளம் நெய்யும், கூடாரம் தைக்கும் தொழிற்கூடம் அமைத்தார். பிள்ளைகள் திருந்தி வாழ வேண்டும் என்று அவர் நினைத்தது நிஜம். ஆனால் குற்றம் ரத்தத்தில் வருகிறது என்ற எண்ணம் அரசு இயந்திரத்தில் தங்கிவிட்டது.

அது எங்கே போய் முடிந்தது என்று தமிழ்நாட்டுக்கு நன்றாகவே தெரியும். 1871-ல் குற்றப் பரம்பரைச் சட்டம் வந்தது. 1911-ல் சென்னை மாகாணத்துக்கும் நீட்டிக்கப்பட்டது. பிறந்த சாதிக்காகவே ஆண்கள் கைரேகை வைக்க வேண்டும், இரவில் காவல் நிலையத்தில் ஆஜராக வேண்டும் என்ற நிலை. அதை எதிர்த்து நின்ற பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3-ம் தேதி போலீஸ் சுட்டதில் மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் உயிரிழந்தார்கள். அந்தச் சட்டத்தை எழுதியவர் ஸ்லீமன் இல்லை. அது வந்தபோது அவர் உயிரோடும் இல்லை. ஆனால், செய்த செயலை விட்டுவிட்டு, சேர்ந்த கூட்டத்தைப் பார்த்துத் தண்டிக்கும் பாதையில் அவர் காலத்துச் சட்டம் ஒரு முக்கியமான மைல்கல்.

இலங்கைக் கடலில் முடிந்த பயணம்

1843-ல் குவாலியர், 1849-ல் லக்னோ என்று சமஸ்தானங்களில் கம்பெனியின் ரெசிடென்ட் ஆக இருந்தார் ஸ்லீமன். அவத் முழுக்கச் சுற்றி மக்களின் கஷ்டங்களை நாட்குறிப்பாக எழுதினார். நவாப் வாஜித் அலி ஷாவின் நிர்வாகத்தைக் கடுமையாக விமர்சித்தார். ஆனால் அதைக் காரணம் காட்டி அவத்தை விழுங்கக்கூடாது என்று கவர்னர் ஜெனரல் டல்ஹௌசியிடம் எடுத்துச் சொன்னார். அது நடக்கவில்லை.

அவரைக் கொல்லவும் முயற்சிகள் நடந்தன, தப்பினார். உடல்நிலை மோசமானது. 1856-ல் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினார். பிப்ரவரி 10-ம் தேதி, இலங்கைக்கு அருகே நடுக்கடலில், 67 வயதில் இறந்தார். உடல் கடலிலேயே அடக்கம் செய்யப்பட்டது. 47 வருஷத்துக்கு முன்பு விட்டு வந்த சொந்த மண்ணை அவர் கால் மிதிக்கவில்லை. அதே மாதத்தில் அவத்தைக் கம்பெனி எடுத்துக்கொண்டது. அடுத்த ஆண்டு வெடித்த 1857 எழுச்சிக்கு அதுவும் ஒரு காரணமானது.

பயணிகளின் புதைகுழிகளைத் தோண்டிக் கண்டுபிடித்தவருக்குப் புதைகுழி என்று ஒன்று இல்லை. மத்தியப் பிரதேசத்தில் ஸ்லீமனாபாத் என்ற ஊர் மட்டும் இன்றும் அவர் பெயரில் இருக்கிறது.

இன்று என்ன மிச்சம் இருக்கிறது?

அவர் கட்டிய தக் மற்றும் கொள்ளை ஒழிப்புத் துறை 1904 வரை இயங்கியது. அதன் இடத்தில் வந்த மத்தியக் குற்றப் புலனாய்வுத் துறைதான் இன்றைய உளவுத் துறையான ஐ.பி.யின் முன்னோடி.

இந்திய தண்டனைச் சட்டத்தின் 310-வது பிரிவு தக் யார் என்று விளக்கியது. கொலை செய்து கொள்ளையடிக்கவோ, குழந்தை திருடவோ வழக்கமாகக் கூட்டு சேர்பவர் தக். 1836 சட்டம் சொல்லாமல் விட்ட விளக்கம் இங்கேதான் வந்தது. 311-வது பிரிவின்படி ஆயுள் தண்டனை. கிட்டத்தட்ட 160 ஆண்டுகள் புத்தகத்தில் இருந்த இந்தப் பிரிவுகள், 2024 ஜூலை 1-ம் தேதி அமலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் இல்லை.

ஆனா அப்ரூவர் இருக்கிறார். கூட்டாளிக்கு மன்னிப்பு கொடுத்து சாட்சியாக்கும் முறை புதிய நடைமுறைச் சட்டத்திலும் தொடர்கிறது. ஒரு வித்தியாசம், அப்ரூவர் சொன்னதை வேறு ஆதாரம் ஆதரிக்கிறதா என்று இன்றைய நீதிமன்றங்கள் பார்க்கின்றன. குற்றம் சாட்டப்பட்டவருக்கு வக்கீல் உண்டு, மேல்முறையீடும் உண்டு. 1836-ல் விடுபட்டுப் போனது அதுதான்.

ஆன்லைன் மோசடி, ஆள் கடத்தல் என்று இன்றைய கும்பல்களும் எல்லைகளின் பின்னால்தான் ஒளிகின்றன. ஒரு நாட்டில் உட்கார்ந்து இன்னொரு நாட்டு மக்களைக் குறி வைக்கின்றன. எங்கே நடந்தாலும் தண்டிக்க வேண்டும் என்ற கோரிக்கை அன்று போலவே இன்றும் நியாயமானது. பிடிபட்டவர் உண்மையில் என்ன செய்தார் என்ற கேள்வியையும் ஒவ்வொரு முறையும் கேட்கணும். மாந்தோப்பில் கிடைத்த அந்த 17 பேருக்கும் நீதி வேண்டும். கை காட்டப்பட்டதாலேயே சிறைக்குப் போனவருக்கும் அது வேண்டும்.